பிழையில்லாத தளமும் அடிக்காத போனும்

அரக்கோணம் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அதன் சுவரில், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த காலண்டருக்குப் பக்கத்தில், நான் அனுப்பிய படம் ஒன்று தாளில் அச்செடுத்து, லேமினேட் செய்து மாட்டப்பட்டிருக்கிறது. மேலே பச்சைப் பட்டை. சரிபார்த்தாகிவிட்டது, பிழை எதுவும் இல்லை என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறேன்.

நான் இணையதளங்கள் செய்கிறவள். பதினோரு வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் செய்தேன். விடியற்காலை திருத்தணி ரயில், ராத்திரி திருத்தணி ரயில். முதுகு போன பிறகு வேலையை விட்டுவிட்டு, திருத்தணி வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு ஊர்க்காரர்களுக்குச் செய்கிறேன். கல்யாண மண்டபம், லாட்ஜ், பள்ளிப்பட்டில் ஒரு ஜவுளிக்கடை, இப்படி. எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தேடினால் நாம் முதலில் வருவோமா? வருவோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஷெட்காரரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயதிருக்கும். என் ஸ்கூட்டியை அவர்தான் இத்தனை வருஷமாக உயிரோடு வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு தம்பி. இருபத்தெட்டு வயது. அப்பா போன பிறகு பாய்தான் அவனை வளர்த்தார். போன வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு ரெக்கவரி வேன் வாங்கினார்கள். வழியில் நின்றுபோன காரைக் கொக்கி போட்டு இழுத்து வருகிற வண்டி. திருப்பதிக்கும் சென்னைக்கும் நடுவில் கார்கள் நிற்காத நாளே இல்லை, ஆனால் நின்றவனுக்கு நம் நம்பர் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் நான்.

பதினான்கு பக்கத்தில் ஒரு தளம் செய்து கொடுத்தேன். மணவூர், நகரி, பள்ளிப்பட்டு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். போனில் திறந்தால் மட்டும் கீழே பெரிதாக ஒரு பச்சைப் பட்டன் தெரியும். அமுக்கினால் நேராக ஷெட்டுக்குப் போன் போகும். வேன் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு அழைப்பு வந்தது. தேடலில் இரண்டாம் பக்கத்தில் பதினான்காவதாக இருந்தும் வந்தது.

தம்பிக்கு அது போதவில்லை. தினமும் காலையில் தேடிப் பார்த்துவிட்டு எனக்குச் சேதி அனுப்புவான். "அக்கா, இன்னிக்கு பதிமூணு." மறுநாள், "அக்கா, பதினஞ்சு, இன்னாக்கா ஆச்சு?" பாதி இட்லியில் இருக்கும்போது வரும். நீயே உன் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தால் வருகைக் கணக்கு கெட்டுவிடும், லிஸ்டில் மட்டும் பார், உள்ளே போகாதே என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவன் உள்ளே போகவே இல்லை. சொன்னால் சொன்னதைச் செய்கிற பிள்ளை.

தை மாதத்தில் ஒருநாள் பாய் போனை நீட்டினார். எங்கிருந்தோ ஒரு விளம்பரக் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தான். உங்கள் தளத்தில் இருநூற்றுப் பதினெட்டு பிழைகள் உள்ளன, அதனால்தான் முதல் பக்கத்தில் வரவில்லை, எங்களிடம் கொடுங்கள். கூடவே சிவப்பாக ஒரு பட்டியல்.

எனக்கு முகம் சுட்டுவிட்டது. என் வேலையில் எவனோ சிவப்பு மை போட்டிருக்கிறான். பிழை என்றால் தளம் ஓடாது என்று அர்த்தமில்லை. தளங்களை எழுதுவதற்கு விதிகள் உண்டு. திறந்த குறியை மூட வேண்டும், படத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், ஒரே அடையாளத்தை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது, இது மாதிரி. விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியல் போட ஒரு சோதனைத் தளம் இருக்கிறது. யார் தளத்தைக் கொடுத்தாலும் சிவப்பு வரும். போன் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பக்கத்தைக் காட்டிவிடும். தேடுபொறியும் அப்படித்தான். ஒரேயடியாக உடைந்து கிடந்தால் தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு உதவும், சீக்கிரம் திறக்கிறதா, இதைத்தான் பார்க்கும். நிரல் சுத்தமாக இருப்பதற்காக யாரையும் மேலே ஏற்றுவதில்லை என்று அதை நடத்துகிறவர்களே எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் நியாயமில்லை.

"இது எல்லாம் இல்லாம பண்ணிட்டா மேல வந்துடுமாம்மா?" என்று பாய் கேட்டார். தம்பி வேனின் படியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெளிநாட்டில் டிரைவர் வேலைக்கு ஒருவர் ஆசை காட்டியிருந்தார். ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் வண்டிக்கு வேலை பிடிக்காவிட்டால் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தான். போக அவனுக்கும் மனசில்லை. அனுப்பப் பாய்க்கும் மனசில்லை. மூன்று பேரும் அந்தச் சிவப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வராது பாய், அது வேறு இது வேறு என்று சொல்லியிருக்கலாம். அதன் பிறகு என்ன செய்தால் வரும் என்று கேட்பார். வாடிக்கையாளர்களிடம் நாலு வார்த்தை எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு ஊர்ப் பக்கத்திலும் உண்மையாக உபயோகமான சங்கதி எழுத வேண்டும், மாசக்கணக்கில் பொறுமை வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து பேச வேண்டும். எனக்கு அசதியாக இருந்தது. பிழையைத் திருத்துவது என் கையில் இருக்கிற வேலை. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

"வரும் பாய்" என்றேன்.

மாசி முழுக்க அதில் உட்கார்ந்தேன். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இருநூற்றுப் பதினெட்டு நூற்று அறுபதானது, தொண்ணூறானது, நாற்பதானது. சத்தியமாகச் சொல்கிறேன், பல வருஷத்துக்குப் பிறகு வேலையில் ஒரு சந்தோஷம் வந்தது. மலைப்படி ஏறுகிறவர்கள் படியை எண்ணிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி எண்ணிக்கொண்டே போனேன்.

கடைசியில் பதினான்கு பிழை நின்றது. பதினான்கும் ஒரே பிழை. பக்கத்துக்கு ஒன்று. அந்தப் பச்சைப் பட்டன்தான். இணைப்புக்குள் பட்டனை வைக்கக் கூடாது என்று விதி. நான் அவசரத்தில் அப்படித்தான் வைத்திருந்தேன். வைத்தும் எல்லாப் போனிலும் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. வேறு மாதிரி எழுத வேண்டும், அதற்கு முன்னால் இது ஒன்றுதான் பாக்கியா என்று பார்ப்போம் என்று அந்த நாலு வரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சோதனையை ஓட்டினேன்.

பச்சைப் பட்டை வந்தது. பிழை எதுவும் இல்லை.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சிரிப்பு வருகிறதா? வரட்டும். அந்தப் பச்சையை அப்படியே படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். "அக்கா சூப்பர்க்கா" என்று உடனே பதில் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு தடவை தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தது. பட்டன் கம்ப்யூட்டரில் எப்போதும் தெரியாது, போனில் மட்டும்தான் தெரியும். மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். கழற்றி வைத்த நாலு வரி ஓரத்திலேயே கிடந்தது.

பங்குனியில் தம்பி தினமும் சேதி அனுப்பினான். பதினாலு. பதினாலு. பதினாறு. பதினாலு. வாரத்துக்கு மூன்று நான்கு வந்துகொண்டிருந்த அழைப்பும் நின்றுபோய்விட்டது. எப்போதாவது ஒன்று வந்தால் அது பழைய வாடிக்கைக்காரராக இருக்கும். "அக்கா, போனே வர மாட்டுது, இன்னான்னு பாருக்கா" என்றான். நிரலை முழுக்க மாற்றியிருக்கிறோம், தேடுபொறி அதைத் திரும்பப் படித்து முடிக்க நாளாகும், பொறு என்றேன். சித்திரையிலும் அதையே சொன்னேன். பொய் இல்லைதான். நாளாகும் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது நான் எதையும் பார்க்காமல்தான் சொன்னேன்.

வைகாசியில் ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், தேடலில் முதலில் வருகிறவனின் தளத்தை எடுத்துச் சோதனையில் போட்டேன். அந்தத் தளத்தைப் பார்க்கவே கண் கூசும். எழுத்து ஓடும், படம் மினுக்கும், மஞ்சள் மேல் சிவப்பு. முந்நூறுக்கு மேல் பிழை. அவன் பாட்டுக்கு முதலிடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். பத்து வருஷமாகத் தொழில் செய்கிறவன். எந்த வண்டி எங்கே நின்றால் எவ்வளவு நேரத்தில் வருவான் என்று ஊர் ஊராக எழுதி வைத்திருந்தான். கீழே வாடிக்கைக்காரர்கள் பத்தி பத்தியாகப் புகழ்ந்திருந்தார்கள். எனக்கு அவன் மேல் கோபம் கூட வரவில்லை. இதைத்தானே தை மாதத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இருந்தது. அப்போதும் போய்ச் சொல்லவில்லை.

ஷெட்டில் தம்பி வேனுக்குள் உட்கார்ந்திருப்பான். ஷெட் போனை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, அண்ணன் போனிலிருந்து அதற்கு மிஸ்டு கால் கொடுப்பான். லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறானாம். அடிக்கும். எடுக்க மாட்டான். "வேல செய்யுது" என்று அண்ணனிடம் கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பவும் சாய்ந்துகொள்வான். நான் ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றப் போனபோது இரண்டு தடவை பார்த்தேன்.

ஆனி முடிவில் அவனுக்கு விசா வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகை வரைக்கும் வேலை கொடுத்தவர்கள் காத்திருக்கவில்லை. போகிற அன்று காலையில் எனக்குச் சேதி அனுப்பியிருந்தான். "அக்கா, பதினஞ்சு. அண்ணன பாத்துக்கோங்க."

அவன் போய்ப் பத்து நாள் இருக்கும். பரணி அன்று மத்தியானம் என் அக்கா போன் செய்தாள். அவள் புத்தூரில் இருக்கிறாள். கிருத்திகைக்குக் காவடி எடுக்கக் குடும்பத்தோடு காரில் வந்துகொண்டிருந்தவள்.

"நகரி தாண்டி வண்டி நின்னுடுச்சிடி. பாவா வெயில்ல நின்னுகினு இருக்காரு. எவனாச்சும் மெக்கானிக் தெரியுமா?"

பாவா என்றது அவள் வீட்டுக்காரரை. நம்பரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு என் தளத்தைக் காட்ட ஆசை. "பயப்படாதக்கா, எங்க பாய் இருக்காரு. லிங்க் அனுப்பறேன், தொற. கீழ பச்சையா பெருசா ஒரு பட்டன் இருக்கும். அமுத்து, போதும்" என்றேன்.

லிங்க்கைத் திறந்துவிட்டுச் சொன்னாள். "பட்டன் எதுவும் காணமேடி."

"கீழ பாருக்கா."

"கீழதான் பாத்துகினு இருக்கேன். அட்ரஸ் இருக்குது. செஞ்சது நீதான்னு உன் பேரு இருக்குது. பட்டன் இல்ல."

என் போனில் திறந்தேன். அவள் சொன்னதுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், முகவரிக்குள் பொடி எழுத்தில் ஒரு நம்பர், அமுக்கினால் போகாத நம்பர். அதற்கும் கீழே என் பெயர். மாசி, பங்குனி, சித்திரை என்று விரல் விட்டு எண்ணினேன். அக்கா லைனில் இருப்பதையே மறந்துவிட்டேன்.

"ஏய், இருக்கியா? வுடு, பாவா வேற ஆளுக்குப் போன் போட்டுட்டாரு. மஞ்ச கலர்ல இன்னாவோ மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, அத அமுத்தினாரு, ஒடனே எடுத்துட்டான். வந்துகினு இருக்கானாம்."

அவள் வைத்த பிறகு உட்கார்ந்து அந்த நாலு வரியைச் சரியாக எழுதினேன். பத்து நிமிஷம் ஆனது. பதினான்கு பக்கத்திலும் பட்டன் வந்துவிட்டது. சோதனையிலும் பிழை இல்லை. மாசி மாதமே இந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருக்கலாம்.

மறுநாள் கிருத்திகை. ஊர் முழுக்க மஞ்சளும் காவடியும். ஆட்டோ நகர இடமில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தே ஷெட்டுக்குப் போனேன். வழியில் நாலு பொய் யோசித்தேன். சர்வர் கோளாறு என்று சொல்லலாம். போன் கம்பெனியில் ஏதோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். எது சொன்னாலும் பாய் நம்புவார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேன் ஓரமாக நின்றது. பாய் ஒரு ஆட்டோவுக்கு அடியிலிருந்து வெளியே வந்து பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். நின்றபடியே சொல்லிவிட்டேன். பட்டனைக் கழற்றியது, பச்சைப் பட்டை வந்ததும் அப்படியே படுத்துவிட்டது, அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

"மாசியிலேர்ந்தாம்மா?"

"மாசியிலேர்ந்து, பாய்."

அவர் வேனைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார்.

"எப்.சி.க்கு வண்டி போறப்ப நாங்களும் கழட்டுவோம்மா. முன்னாடி கம்பி, ஏர் ஹாரன், மேல கேரியர், எல்லாத்தையும் கழட்டி ஓரமா வெப்போம். எப்.சி. முடிஞ்சி வந்ததும் மொத வேல, கழட்டினத திரும்ப மாட்டறதுதான். மாட்டாம ஒரு வண்டியையும் ரோட்டுக்கு வுட மாட்டேன் நான்."

அவ்வளவுதான் சொன்னார். வருஷா வருஷம் வண்டியை ஆய்வுக்குக் காட்டித் தகுதிச் சான்று வாங்குகிற அந்த எப்.சி.யில் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொன்னும் இருக்குது பாய். பிழை இல்லன்னா மேல வரும்னு சொன்னேன் இல்ல? வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்கும் தெரியும்மா. எப்.சி. வாங்கின வண்டிக்கெல்லாம் சவாரி வந்துடுதா இன்னா? இருந்தாலும் நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்." துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அவன்தான் நம்பினான்."

பட்டன் இப்போது இருக்கிறது, வேலை செய்யும் என்று மட்டும் சொன்னேன். பாய் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தம்பிக்கு ஒரு குரல் சேதி அனுப்பினார். "போன் பட்டன மாட்டியாச்சிடா. அக்கா வந்து சொல்லிச்சு. இனிமே போன் வரும்." ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதை அவர் சொல்லவே இல்லை. டீ சொன்னார். குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைக்கும்போது ஷெட் போன் அடித்தது. இரண்டே தடவை. நின்றுவிட்டது. வெளிநாட்டு நம்பர். பாய் எடுக்கப் போகவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்தான். அமுத்திப் பாக்கறான்" என்றார். வேன் பக்கம் திரும்பி, "வேல செய்யுது" என்றார்.

உடனே திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. மணவூர்ப் பக்கம் ஒரு குடும்பம், காருக்குள் குழந்தை அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "ஆங், வரேங்க. அரை மணி நேரங்க. நெழல்ல நில்லுங்க" என்றார். ஆட்டோ பாதியில் கழன்று கிடந்தது. வேன் ஓட்ட வேறு ஆள் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் உக்காந்துக்கோம்மா, ஆட்டோக்காரர் வந்தா சாயந்திரம் ஆவும்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு தடவை ஹாரன் அடித்துக் காவடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேன் போனது.

ஷெட்டில் நான் மட்டும். எதிரே சுவரில் அந்தத் தாள். பச்சை கொஞ்சமும் மங்கவில்லை. கிழித்துப் போட்டுவிடலாம் என்று எழுந்து போய் விரலை அடியில் விட்டுப் பார்த்தேன். தம்பி நான்கு மூலையிலும் வாஷர் வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தான். நகம் உடைந்ததுதான் மிச்சம். ஆட்டோக்காரர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன்.